தெரியாமையின் இரு வகை

'தெரியாது' என்பதை நாம் ஒரே அர்த்தத்தில் சொல்கிறோம். அதில் இரண்டு அடங்கியிருக்கிறது: யாரும் பார்க்காததால் தெரியாதது, பார்க்கவே வழியில்லாததால் தெரியாதது. இந்த வித்யாசம் ஸ்தூலமானது என்பதற்கு, 1991ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸோ, வாங், மாண்டல் மூவரும் செய்த சோதனை சாட்சி.

ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து இரண்டு லித்தியம் அயோடேட் படிகங்களில் செலுத்தினார்கள். இவை நேரியல்பற்ற படிகங்கள்; உள்ளே போகும் போட்டான் அபூர்வமாக இரட்டையாகப் பிரிந்து வெளிவரும். இரட்டையில் ஒன்றை அ, மற்றதை ஆ என்போம். இரு படிகங்களின் அ-க்களும் ஓரிடத்தில் கலந்தன. முதல் படிகத்தின் ஆ, இரண்டாம் படிகத்தின் ஊடே சென்று அங்கே பிறக்கும் ஆ-வின் பாதையிலேயே சேர்ந்துகொண்டது. எந்த அ எங்கே பிறந்தது என்று சொல்ல வழியில்லை. பாதையின் நீளத்தைச் சற்று மாற்றினால் அ-க்கள் கலந்த வெளிச்சம் கூடியும் குறைந்தும் வந்தது. இதுதான் குறுக்கீடு.

பிறகு, இரு படிகங்களுக்கும் நடுவே ஆ-வை மறித்தார்கள். அ-வின் பாதையை யாரும் தொடவில்லை. குறுக்கீடு மறைந்தது. இப்போது ஆ வந்தால் இரண்டாம் படிகம், வராவிட்டால் முதல் படிகம் என்று சொல்லிவிட முடியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, சாத்யமே போதும். ஆ-வை ஓரளவு விடும் தகட்டை வைத்தபோது குறுக்கீடும் ஓரளவே மங்கியது.

சங்கரன்கோவில்காரனுக்கு உடனே சங்கரநாராயணர் நினைவு வரவேண்டும் என்று நண்பர்கள் எதிர்பார்ப்பார்கள். வருகிறார், எதிர் உதாரணமாக. வலப்பாதி சிவன், இடப்பாதி விஷ்ணு. எது யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அது சமரசம், குறுக்கீடு அல்ல. விஞ்ஞானத்தை முன்னோர் கணக்கில் வரவு வைக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

என்னை உறுத்துவது வேறு. ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு நகைக்கடன் ஏல நோட்டீஸ் அனுப்பும் குமாஸ்தாவுக்கு, அவர் ஏன் மீட்கவில்லை என்பது தெரியாது. விலாசம் கையில் இருக்கிறது. தெருவோ நடக்கிற தூரம். நாளை மழை வருமா என்று தெரியாததைப் போன்றதா இது?

போட்டானிடமிருந்து மனிதனுக்கு நீதி கிடைக்காது. பௌதிகம் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ஆனால் 'நான் பார்க்கவில்லை, ஆகவே எதுவும் மாறவில்லை' என்ற வாதத்துக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. வழி எவ்வளவு திறந்திருந்ததோ, அவ்வளவு பொறுப்பு. நம் கதைகளில் வெகுளி என்று கொண்டாடப்படும் பாத்திரங்களை இந்த அளவுகோலை வைத்து மறுபடி படிக்கலாம்.