அலறல் கேட்டவரின் கடமை

கணவன் மனைவி சண்டையில் அயலார் தலையிடலாமா? கேரளத்தின் பொன்முடி அடிவாரத்து விதுராவிலும் அலறல் எட்டும் தூரத்தில் யாரோ ஒருவர் இருக்கிறார். கேட்டவர் என்ன செய்யவேண்டும் என்பது அறத்தின் கேள்வி.

இந்தியாவில் 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்று பதிவானவை 4,45,256. அவற்றில் 31 சதவீதத்துக்கு மேல், கணவரும் அவர் உறவினரும் இழைத்த கொடுமைகள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். கேரளத்தில் சுமார் 10.

குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்துவிட முடியாது. கொல்லம் மாவட்டத்தில் 2020-இல் பாம்பைக் கடிக்கவிட்டு மனைவியைக் கொன்றவனுக்கு மறு ஆண்டு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே மாவட்டத்தில் 2021 ஜூனில் வரதட்சிணைக் கொடுமையால் ஓர் ஆயுர்வேத மாணவி இறந்தார். அங்கே இருக்க முடியவில்லை என்று அவர் தந்தையிடம் அழுத ஒலிப்பதிவை நீதிமன்றமும் கேட்டது. அவர் சொல்லாமல் இருக்கவில்லை.

ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில் அனா ஒரான்டெஸும் சொன்னார். கணவன் பல பத்தாண்டுகளாக அடித்ததை 1997 டிசம்பரில் தொலைக்காட்சியில் விவரித்தார். மணமுறிவுக்குப் பின்னும் இருவரும் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது. இரண்டே வாரத்தில் அவன் அவரை எரித்துக் கொன்றான். அந்தக் கொலை எழுப்பிய கோபம், பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான 2004-இன் சட்டத்துக்கு வழிகோலியது. இப்படிப்பட்ட சட்டங்கள் வந்தபின் புகார்கள் கூடினால், குடும்பங்கள் சீரழிந்துவிட்டன என்று பதறக்கூடாது. முன்பு மூடிக்கிடந்த கதவுகள் திறந்திருக்கின்றன என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

இந்தியச் சட்டம் அயலாரை வெளியே நிறுத்தவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன்படி வன்முறை நடந்ததாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. பாதிக்கப்படுவது குழந்தை என்றால், பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமலிருப்பதே போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது.

வளர்ந்த பெண்ணின் நிலைமை சிக்கலானது. புகார் கொடுத்த இரவும் அவர் அதே வீட்டில்தான் படுக்கவேண்டும். சோறும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கணவனின் கையில். "வேண்டாம்" என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நியாயமான அச்சம் இருக்கிறது. அவர் விருப்பத்தை மீறி ஊரைக் கூட்டுவது இன்னோர் அடியாக முடியலாம். அதற்காக வாய்மூடி இருந்துவிடுவதும் தகாது. உயிருக்கு ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திராமல் 112-ஐ அழைக்கவேண்டும். மற்ற வேளைகளில் தனியாகச் சந்தித்துக் கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் கேரளத்தின் பெண்கள் அமைப்பான குடும்பஶ்ரீயின் ஸ்நேகிதா உதவி மையத்தையும் சொல்லிவைக்கலாம்; மறுத்தாலும் மறுபடி விசாரிக்கலாம்.

இந்தச் சுமை முழுவதையும் அயலார் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை. கேரள ஊராட்சிகளில் ஜாக்ரதா சமிதிகள் என்னும் விழிப்புக் குழுக்கள் இருக்கின்றன. அவை தவறாமல் கூடவும், புகார் சொன்ன பெண் அன்றிரவே தங்க இடம் தரவும் ஊராட்சி பணம் ஒதுக்கவேண்டும்.