மறதியும் அமானிதமும்

ஐம்பது வயதை நெருங்கும்போது நம்மில் சிலருக்கு மறதி தலைகாட்டுகிறது. பழகியவர் பெயர் நாவில் வருவதில்லை. தொழுகையில் மூன்றா நான்கா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. டாக்டரிடம் போகச் சொன்னால், ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’ என்கிறோம். இது தவக்குலா? அல்லது, புத்தி பேதலித்துவிட்டதென்று ஊரார் பேசுவார்களோ என்னும் அச்சமா?

மறதி குற்றமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, தாமும் மனிதரே என்றும், மற்றவரைப் போல் மறப்பதுண்டு என்றும், அப்போது நினைவூட்டும்படியும் தோழர்களிடம் கூறியிருக்கிறார்கள். தொழுகையில் மறந்தவருக்கு ஷரீஅத் தந்தது தண்டனையல்ல, ஸஜ்தா ஸஹ்வு.

மருத்துவம் செய்துகொள்ளவும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, உறக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதி தரும். இவற்றுள் பல சிகிச்சையால் சீராகும். ரத்தம் எடுப்பார்கள், தலையை ஸ்கேன் செய்வார்கள், சில சொற்களைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். நாம் கவனியாததை வீட்டார் கவனித்திருப்பார்கள். ஒருவரை உடனழைத்துச் செல்வது நலம்.

முடிவு வரும்வரையுள்ள நாட்களே கடினமானவை. துஆவோடு ஒரு வேலையும் செய்வோம். கடனை எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கொடுக்க வேண்டியது, வாங்க வேண்டியது, பிறர் ஒப்படைத்தது அனைத்தையும் எழுதி, நம்பகமானவரிடம் சொல்லிவைப்போம். நம் மானத்தைக் காக்க ஓர் அநாதையின் பணத்தைப் பணயம் வைக்கலாமா?

அறிவை இழந்தவர்மீது மார்க்கக் கடமையில்லை. தெளிவோடிருக்கும் இன்று நம்மீது உண்டு.

அல்லாஹ் நம் அறிவையும் அமானிதத்தையும் காப்பானாக! ஆமீன்.