நோயா? குணமா?

கல்வராயன் மலையடிவாரத்தில் மளிகைக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர், கள்ளக்குறிச்சியில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கதி சொன்னார். அவருடைய மகன் பத்து நாட்களாக உறங்கவில்லை, ஓயாமல் பேசினான். வானத்திலிருந்து தனக்கு மட்டும் செய்தி வருவதாகச் சொன்னான். கடைச் சரக்கைப் போவோர் வருவோருக்கெல்லாம் வாரிக் கொடுத்தான். தடுத்த தாயைப் பிடித்துத் தள்ளினான். சிகிச்சையில் தெளிவடைந்த அவன் இப்போது, "அத்தா, அதெல்லாம் என் பாவக் கணக்கில் எழுதப்பட்டிருக்குமா?" என்று கேட்டு அழுகிறானாம்.

அதே வீட்டில் அவருடைய தங்கை மகளும் இருக்கிறாள். ஒரு சொல் பொறுக்கமாட்டாள், கொதிப்பாள். அடுத்த நாழிகையில் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். தன் கையைத் தானே கீறிக்கொள்வாள். சண்டை முற்றினால், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவாள். மறுநாள் அந்த எண்ணம் மறைந்துவிடும். "மகனுக்கு நோய் என்கிறோம், இவளுக்குக் கொழுப்பு என்கிறோம். இது நீதியா?" என்றார் சகோதரர்.

நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

மகனுக்கு வந்ததை மருத்துவர்கள் இருதுருவ மனநோய் என்கின்றனர். அளவு மீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் தனித்தனிக் காலங்களாக வரும். நோய் முற்றினால் எழுச்சியில் 'நான் மகான்' என்றும், சோர்வில் 'இறைவன் என்னைக் கைவிட்டான்' என்றும் பொய்யான நம்பிக்கைகள் தோன்றும். காலம் கடந்தால் மனிதர் பழைய நிலைக்குத் திரும்புவார். அந்தப் பெண்ணுடையது எல்லைநிலை ஆளுமைக் கோளாறு போல் தோன்றுகிறது. மருத்துவரே பார்த்து முடிவு சொல்ல வேண்டும். இது இளமையிலிருந்தே உணர்ச்சியோடு பிணைந்து வருவது. கைவிடப்படுவோமோ என்ற அச்சமே இதன் அடிநாதம். மனம் நெருக்கப்படும்போது சந்தேகமும் மயக்கமும் சில மணி நேரமோ சில நாட்களோ தோன்றி மறையும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

உறங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. ஆகவே அறிவு மறைந்த நாட்களின் செயலுக்காக அந்த மகன் அஞ்ச வேண்டியதில்லை. அந்நாட்களில் விடுபட்ட தொழுகையைக் களாச் செய்வது ஷாபிஈ மத்ஹபில் கடமையில்லை. ஹனஃபீ மத்ஹபில், அந்நிலை ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் நீண்டால் களா இல்லை. ஆயினும் பிறர் பொருளைச் சேதப்படுத்தியிருந்தால் அவனுடைய சொத்திலிருந்து ஈடு தர வேண்டும். பாவம் நீங்கினாலும் பிறர் உரிமை நீங்குவதில்லை. தெளிந்தபின் மருந்தை விடாமல் உண்பதும் அவன் பொறுப்பே.

அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் அறிவு தெளிவாகவே இருக்கிறது. எனவே கடமையும் இருக்கிறது. ஆனால் சுமக்க இயலாததை இறைவன் எவர்மீதும் சுமத்துவதில்லை. பிறர் எளிதில் அடக்கும் கோபத்தை அவள் போராடித்தான் அடக்க வேண்டும். அந்தப் போராட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவனுக்குத் தெரியும். அதைக் கொழுப்பு என்று தீர்ப்பளிக்க நாம் யார்? இதற்கென அமைந்த பேச்சுமுறைச் சிகிச்சையால் பலர் தேறியிருக்கின்றனர்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்த உறவினரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எழுதுகோல் உயர்த்தப்பட்டவர் காலில் நாம் விலங்கு பூட்டலாமா?

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லதே; அவற்றைச் சொல்லி மருந்தை நிறுத்துவது தவறு. லித்தியம் உண்பவரின் உடலில் நீர் குறைந்தால் மருந்து நஞ்சாகக்கூடும். ஆகவே ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மலையூர்களில் இருப்போரும் 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: மகனிடம், "உன் கணக்கு கருணையாளனிடம் இருக்கிறது" என்று சொல்லுங்கள். மருமகளுக்கும் அதே பரிவைக் காட்டுங்கள். நோயையும் குணத்தையும் முற்றாகப் பிரித்தறிபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நமக்குப் பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.