கம்மலை வைத்து வண்டி பழகினவன்

அக்கா கம்மலைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை. மறுநாள் போனபோது இரண்டு காதிலும் வேப்பங்குச்சி இருந்தது. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்கு கனத்துக்குச் சீவிச் செருகியிருந்தாள். "பத்தாயிரம் கெடச்சுது கண்ணு. இன்னும் அஞ்சு வேணும்" என்றாள். மகன் ஹெவி லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூலில் கேட்ட தொகை 15,000 ரூபாய்.

அவனுக்கு 21 வயது. கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து குட்டியானையில் முட்டை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறான். சட்டப்படி அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. லாரி ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும், கார் லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. அதையும் 2019-இல் எடுத்துவிட்டார்கள். படிப்பு குறுக்கே நிற்கவில்லை, வயது குறுக்கே நிற்கவில்லை. பணம் ஒன்றுதான் நின்றது.

அரசாங்கத்துக்குக் கட்டுவது இதில் பெரிய தொகை இல்லை. எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300 ரூபாய் என்று நூறுகளில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் பழக்கிவிடுவதற்கு. லாரி எடுத்தால் டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசலில் நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர்தான் போகும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவருக்குச் சம்பளம் இருக்கிறது, பழகுகிறவன் அரைத்துத் தள்ளும் கிளட்சுக்குச் செலவு இருக்கிறது. 15,000 அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அது அக்கா வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னோர் இடத்தில் 9,000 கேட்டார்கள். அங்கே போனால் வண்டியைத் தொடவே வேண்டியதில்லையாம். கையெழுத்துப் போட்டால் போதும், சர்டிபிகேட் வந்துவிடும், டெஸ்ட் அன்றைக்கு வந்து நின்றால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். லாரி லைசென்சுக்கு டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் ஐந்தாம் எண் படிவம் வேண்டும். பழகினானோ இல்லையோ, அந்தத் தாளை மட்டும் விற்கிறார்கள். விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. போக்குவரத்து வண்டி பழகுகிறவனுக்குக் குறைந்தது 30 நாள், அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங் அவன் கையில் இருக்க வேண்டும். 2021-இல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று வந்த புது விதி ஆறு வாரம், 38 மணி நேரம் என்கிறது. ஆறாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு அத்தனை மணி நேரத்தையும் விட்டுவிடுவது என்றால், அந்த மணி நேரங்களை அவன் எங்கே போய்ப் பழகுவான்? தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில், பின்னால் 20 டன் தள்ளிக்கொண்டிருக்கும்போது, முன்னால் யாரோ குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருக்கும்போது பழகுவான். குறைந்த விலைக்குக் கிடைக்கிற சர்டிபிகேட்டின் மிச்ச விலையை ரோட்டில் போகிற யாரோ கொடுக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இருந்ததே இல்லை.

நல்ல பயிற்சி இடங்கள் இல்லாமல் இல்லை. நாமக்கல்லிலேயே அசோக் லேலாண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பள்ளி இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குப் போகிற நாளெல்லாம் சம்பளம் இல்லாத நாள். கட்டணத்தை ஒரு மாதிரி புரட்டிவிடலாம், சம்பளம் வராத ஒரு மாதத்தை எதைக் கொண்டு அடைப்பது? எந்த ரசீதிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை. அக்கா வீட்டுக்காரர் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். தறி நின்றால் கூலி நிற்கும். பையனும் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அரிசிக்கே தட்டிப்போகும். கடைசியில் பண்ணைக்காரரிடம் கேட்டு முட்டை எடுக்கும் நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டு, விடிகாலையில் பக்கத்து ஊர் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவது என்று முடிவாயிற்று.

எங்கள் அப்பா எந்த ஸ்கூலுக்கும் போனவர் இல்லை. 1978-இல் பதினாறு வயதில் கிளீனராக வண்டி ஏறினார். நாலு வருஷம் ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டுமே தொட்டார். தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவது, நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி லிவரால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்வது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, டிரைவருக்குச் சோறாக்குவது, வண்டிக்குக் காவலாக லோடு மேலேயே படுத்துக்கொள்வது. சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்கள், நாசிக் வெங்காயத்தோடு திரும்புவார்கள். ஒரு முறை டயர் கழற்றும்போது லிவர் தெறித்து முன்பல் ஒன்று போனது. சித்ரதுர்காவைத் தாண்டி ஒரு ராத்திரி, ரோடு காலியாகக் கிடந்தபோது, டிரைவர் வண்டியை நிறுத்தி "எறங்கி இந்தப் பக்கம் வாடா" என்றாராம். பவர் ஸ்டியரிங் இல்லாத லேலாண்ட் காமெட். பத்து மைல் ஓட்டியதில் தோள்பட்டை இரண்டு நாளுக்கு வீங்கியிருந்தது என்பார். சொல்லும்போது இப்போதும் அவர் கை தானாக மடியை விட்டு மேலே எழும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று அவரே சொல்லமாட்டார். டிரைவர்கள் கிளீனர் பையன்களை அடித்தார்கள். கூலி என்று கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனாலும் நான் யோசித்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அப்பா பழகிய செலவில் ஒரு பங்கை வண்டி முதலாளி ஏற்றுக்கொண்டார். நாலு வருஷம் சோறு போட்டார், வண்டியில் இடம் கொடுத்தார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கிளீனர் இல்லாமலேயே வண்டி கிளம்புகிறது. டீசல், டோல், இன்சூரன்ஸ், டயர் என்று கணக்குப் பார்க்கிற முதலாளி முதலில் குறைத்தது அந்த ஓர் ஆளை. அவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒற்றை வண்டி வைத்துக்கொண்டு தவணை கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் கிளீனரோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் வண்டியைவிட்டு இறங்கிவிட்டது. டிரைவர் கிடைக்கவில்லை என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்கள். டிரைவரை உருவாக்கும் செலவோ அப்படியே பையன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நாமக்கல் முட்டையைத் தின்கிறவர்கள், நாமக்கல் டேங்கரில் வருகிற கேஸில் சமைக்கிறவர்கள் எத்தனை லட்சம் பேர்! அத்தனை பேருக்கும் ஓட்டப்போகிறவனுக்காக ஒருத்தி தன் காதிலிருந்து கழற்றிக் கொடுக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். நாலு வண்டி வைத்திருக்கிறவர், தூரத்துச் சொந்தம். "ஸ்கூலுக்கு நான் கட்டறேன், வீட்டுச் செலவுக்கும் சேர்த்து நாப்பதாயிரம் தரேன், பையன் லைசென்ஸ் வாங்கினதும் என் வண்டியில ஏறட்டும், படியில கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கறேன்" என்றார். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. வட்டி இல்லை, வேலையும் உறுதி. அப்பாதான் வேண்டாம் என்றார். வந்தவர் போன பிறகு பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "முன்பணம் வாங்கினவன் தூக்கம் வருதுன்னு சொல்ல முடியாது சாமி."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எனக்குத்தான் அந்த ஒரு வரியைச் செரித்துக்கொள்ள நாலைந்து நாள் ஆயிற்று. லோடு ரெடி, கிளம்பு என்று போன் வரும்போது, "இல்லீங்க, ரெண்டு ராத்திரி கண்ணு மூடல" என்று சொல்ல ஒரு டிரைவருக்கு வாய் வர வேண்டும். நாப்பதாயிரம் பாக்கி வைத்திருக்கிறவனுக்கு அந்த வாய் வராது. கண் எரிய எரிய வண்டியை எடுப்பான். எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்துத்தான் வைத்தது. அதுவும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்துக்குத்தான். ஒற்றை வண்டி முதலாளியிடம் வேலை செய்கிறவனை அது எட்டியதே இல்லை. அங்கே டிரைவரைக் காப்பாற்றுவது அவனுடைய "முடியாதுங்க" என்ற ஒரு சொல்தான்.

அதுவரை நான் பணம் எங்கிருந்து வந்தாலும் பணம்தான் என்று நினைத்திருந்தேன். குறைந்த வட்டியா, தவணை நீளமா என்பதுதான் என் கணக்கு. எந்தக் காசில் ஒருவன் தொழில் பழகுகிறானோ, அந்தக் காசு அவனோடு கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பேங்கில் இருக்கிற கம்மல் வட்டி கேட்கும். நடுராத்திரியில் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்காது. கடன் வாங்கலாமா கூடாதா என்பதைவிட, யாரிடம் வாங்கினால் நம் வாய் நம்மிடமே இருக்கும் என்பது பெரிய கேள்வி. இல்லாதவர்களுக்கு அதை யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. யார் முதலில் நீட்டுகிறார்களோ அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மீதி ஐந்தாயிரத்தை நான் கொடுத்தேன். கொடுக்கும்போது வெட்கமாக இருந்தது. அதே மாதம் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்தேன். அது இதைப்போலப் பல மடங்கு. அதற்கு பேங்கில் படிப்புக் கடன் கொடுத்தார்கள், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிப் பேசினார்கள். இவளுக்கு இந்தப் படிப்பு தேவையா என்று குடும்பத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவனுடைய 15,000-க்கு மட்டும் ஒரு மாதம் பஞ்சாயத்து நடந்தது. லாரிக்கா போகப் போறான் என்று சித்தப்பா கேட்டார், பொண்ணு யார் குடுப்பா என்று அத்தை கேட்டாள். பேங்கில் இதற்கெல்லாம் கடன் இல்லை, நகை இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். லாரி ஓட்டிய காசில் படித்து வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஸ்கூலில் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் எல்லாரையும் ஒரு பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடி கட்டி முடித்த புது லாரி ஒன்று வெளியே நின்றது. பட்டறைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். பேரனை டிரைவர் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். என்னை வண்டியின் முன்னால் நிற்க வைத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகச் சொன்னார். "தெரியறாளா?" "இல்லீங்க அப்புச்சி." இன்னோர் அடி. "இப்ப?" "தலை மட்டும் தெரியுது." அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். பிறகு இடது பக்கம். அக்கா கதவை ஒட்டி நின்றாள், தெரியவில்லை. நகர்ந்தாள்; கண்ணாடியில் தெரிந்தாள். ஒரு கல். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல், வண்டிக்குப் பின்னால் வெகு தூரம் தள்ளி ஒரு கல். அரை மணி நேரத்தில் லாரியைச் சுற்றிக் கற்களால் ஒரு கோடு விழுந்தது. முன்னால் சிறியதாக, இடப் பக்கம் வயிறு தள்ளியதுபோல, பின்னால் நீண்டு கிடந்தது. "இந்தக் கல்லுக்குள்ள யாரு நின்னாலும் உனக்குத் தெரியாது. உன்ற சித்தி நின்னாலும் தெரியாது, ஒரு கொழந்த நின்னாலும் தெரியாது. கண்ணாடியப் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு சொல்லாத. எறங்கிப் பாரு."

பையன் சீட்டிலிருந்து இறங்கி வந்து அந்தக் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தான். நான் முன்னால் நின்ற இடத்தில், பம்பரைக் கை நீட்டித் தொடும் தூரத்தில், அவனும் கொஞ்ச நேரம் நின்று மேலே கண்ணாடியைப் பார்த்தான்.

ஸ்கூலில் முப்பது நாளும் போனான். சொல்லித்தந்தவர் பொறுமையானவர், ஒரே வண்டியில் நாலு பேர் பழகினாலும் இவனுடைய நேரத்தை இவனுக்குக் கொடுத்தார். முதல் வாரம் கியர் விழவில்லை என்று சோர்ந்து வந்தான், மூன்றாம் வாரம் ரிவர்ஸ் எடுத்ததைச் சொல்லும்போது சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். டெஸ்டில் தேறினான். இப்போது அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் இரண்டாவது டிரைவராக புனே வரைக்கும் போய் வருகிறான்.

போன மாதம் ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே மறு லோடு இருந்தது. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, நாளைக்கு எடுக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். லோடு நிற்காது, வேறு ஆள் ஏறிப் போய்விட்டான். அந்த டிரிப்பின் படி போனது. கம்மலுக்கு அந்த மாதம் வட்டி மட்டும்தான் கட்ட முடிந்தது.

அவன் போனில் இதைச் சொன்னபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "செரி சாமி, வந்து தூங்கு" என்று வைத்தாள். காதைத் தடவிப் பார்த்தாள். பழைய குச்சி காய்ந்து சுருங்கி ஆடிக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு வாசல் வேம்புக்குப் போனாள்.