பக்கத்தை மடிக்கும் உரிமை

சார்ஜாவில் ரோலாவுக்குப் பின்புறம் ஓர் அறையில் ஆறு கட்டில்களோடு வாழ்கிறவர்கள் நாங்கள். உணவகத்தில் வெங்காயம் வெட்டி, சட்டி கழுவி, இரவு ஒரு மணிக்குக் கடை மூடியபின் வந்து படுக்கிறோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அமீரகம் சேரவில்லை. ஆகையால் இங்கே நாங்கள் அகதிகளுமல்ல, விசாவில் உள்ளபடி சமையல் உதவியாட்கள். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு ஓடிவந்த எங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2011 வரை ஒரு வேலையும் இருக்கவில்லைத்தான்.

அந்த வருடம் அறைத் தோழரின் தம்பிக்கு ஒரு பழைய மடிக்கணனி வாங்கி அனுப்பினோம். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவன். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் 'ஜோஸ்' என்ற மென்பொருள் இருப்பதாக அறிந்தோம். விலை ஏறத்தாழ 900 டொலர், அதாவது 3,300 திர்ஹாம். எங்கள் மாதச் சம்பளம் அப்போது 1,100. காசு கட்டாதவர்களுக்கு அது 40 நிமிடம் மட்டும் பேசும். பிறகு கணனியை நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டும். தம்பி அப்படித்தான் வாசித்தான். "அண்ணை, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவே பாதி நேரம் போகுது" என்றான் தொலைபேசியில்.

விட்ட இடத்துக்கு அடையாளம் வைத்துத் திரும்பும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதைப்பற்றித் தேடப்போனபோதுதான் ஒரு வழக்கு கண்ணில் பட்டது. 2008 யூலையில் ஜோஸின் உரிமையாளரான புளோரிடாவின் ஃப்ரீடம் சயன்டிஃபிக் நிறுவனம், இந்தியானாவிலிருந்த ஜி.டபிள்யூ. மைக்ரோ என்ற சிறிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. இணையப் பக்கத்தில் இடக்குறி வைக்கும் முறைக்குத் தான் 2006இல் பெற்ற காப்புரிமையை, மற்றவரின் 'விண்டோ-ஐஸ்' மீறுகிறதாம். அந்த வசதி தங்களிடம் முன்னரே இருந்தது என்றார்கள் எதிர்த் தரப்பார். இரண்டுமே பார்வையற்றோருக்காகவே மென்பொருள் செய்த நிறுவனங்கள்!

பார்வையுள்ளவன் புத்தகத்தின் மூலையை மடித்து வைக்கிறான். ஏட்டுச் சுவடிக் காலத்தில் நூலைச் செருகி வைத்திருப்பார்கள். அதற்கு யாரும் வரி கேட்டதில்லை. பார்வையற்றவன் அதையே செய்யும்போது மட்டும் அது எப்படி ஒருவருடைய சொத்தாகிறது?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. கடதாசிப் பக்கம் நாளைக்கும் அப்படியே இருக்கும். இணையப் பக்கம் அப்படியல்ல: நேற்று பத்தாவது வரியில் இருந்த செய்தி இன்று முப்பதாவதில் இருக்கும். அதை மறுபடி கண்டுபிடிக்க ஒருவர் மூளையைக் கசக்கவேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாமா? கூலியில்லாத வேலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஜோஸைத் தொடங்கிய ரெட் ஹென்ரர், 1978இல் கார் விபத்தில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அவர் தன் மென்பொருளை விற்றது பிழையென்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் கடையின் பிரியாணி மாஸ்டர் மசாலாவைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் கலப்பார். அதில் எங்களுக்குக் கோபமில்லை, அது அவருடைய பிழைப்பு. ஆனால் பக்கத்துக் கடைக்காரன் தன் நாக்கையே நம்பி அதே சுவையைக் கண்டுபிடித்தால் மாஸ்டரால் தடுக்கமுடியாது. காப்புரிமை தடுக்கும். சொந்தமாகவே யோசித்துக் கண்டவனையும் இருபது வருடம்வரை நிறுத்திவைக்கும். இரகசியத்தை வெளியிட்டதற்கான சன்மானம் அது என்கிறது சட்டம். பிரியாணியென்றால் வேறு கடைக்குப் போகலாம். விட்ட இடத்துக்குத் திரும்ப வேறு கண்ணுக்கு எங்கே போவது? கூலி கேட்பது வேறு, மற்றவன் வழி வெட்டுவதைத் தடுப்பது வேறு என்று எங்களுக்குப் படுகிறது. 1892இல் பிரெய்ல் தட்டச்சு இயந்திரம் செய்த அமெரிக்கர் ஃபிராங்க் ஹோல் அதற்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. எல்லோரும் ஹோல் ஆகவேண்டுமென்று கேட்பதும் நியாயமில்லைத்தான்.

அமெரிக்கக் காப்புரிமை வளைகுடாவில் செல்லாது. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக ரியாத்தில் ஒரு காப்புரிமை அலுவலகம் 1998 முதல் 2021 தொடக்கம்வரை விண்ணப்பங்களை வாங்கிவந்தது. அமெரிக்கச் சான்றிதழ் சார்ஜாவில் வெறும் கடதாசி. ஆனால் மென்பொருள் பிறப்பது அங்கே. அங்கே ஒருவர் வழக்குக்குப் பயந்து ஒரு வசதியை நீக்கினால் சார்ஜாவிலும் கிளிநொச்சியிலும் அது இல்லாமல் போகும். 2013இன் மராக்கேஷ் உடன்படிக்கையில் அமீரகம் 2014இலும் இலங்கை 2016இலும் இணைந்தன. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைப் பிரதியெடுக்க அது வழிவிடுகிறது. கருவிகளைப் பற்றி அதில் பேச்சில்லை.

2016இல் விண்டோ-ஐஸும் ஜோஸும் ஒரே முதலாளியின் கைக்கு வந்தன. 2017இல் விண்டோ-ஐஸ் நிறுத்தப்பட்டது. வழக்கினால்தான் என்று சொன்னால் அது நேர்மையாகாது. எனினும் தெரிவு ஒன்று குறைந்தது. 2020இல் இன்னொரு வழக்கு: இணையத்தளங்களைப் பார்வையற்றோருக்கு ஏற்றதாக்கித் தருவதாகச் சொல்லும் ஓடியோஐ என்ற நிறுவனம், அதே தொழிலிலுள்ள அக்ஸசிபீ மீது காப்புரிமை மீறல் என்று நீதிமன்றம் போனது.

தம்பியின் நாற்பது நிமிடம் 2012இல் முடிவுக்கு வந்தது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் ரே என்ற இரண்டு பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர்கள், 2006இல் கரன் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழும் வாசித்தது. தகரத்தில் தட்டுவது போன்ற குரல், ஆனால் தமிழ். தம்பி அன்று இரவு விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தானாம்.

திருட்டுப் பிரதிகளாலேயே நிறைந்திருந்தது எங்கள் அறைக் கணனி. அந்த மாதம் ஆளுக்குப் பத்துத் திர்ஹாம் போட்டு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினோம். மென்பொருளுக்கென்று நாங்கள் கொடுத்த முதற்காசு அதுதான்.