முட்டை யாருக்கு உரியது?

தன் உணவைத் தானே விளைவிப்பவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. வளவில் நாலு கத்தரியும் இரண்டு கோழியும் உடையவனைப் பிறர் கையை எதிர்பாராத மனிதன் எனப் போற்றுகின்றோம். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதனை நமது நகர வாழ்வை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது தலைமுறைக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதிலும் விளைச்சல் வீழ்ந்திருந்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டு ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. அறிவுரை நல்லதே. ஆயின், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் தளத்தில் வாழும் எமக்குக் கன்று நட ஒரு சாண் மண்ணும் இருக்கவில்லை. இரண்டு வாளிகளில் நாம் வைத்த மிளகாய்க் கன்றுகள் கடற்காற்றிலே கருகின.

கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவுக்கு மண் இருந்தது. ஒடுங்கிய ஒழுங்கையின் முடிவிலுள்ள பழைய வீட்டின் பின்புறத்தில், கிணற்றடியை ஒட்டிய சிறு துண்டு நிலம். அதிலே வெண்டியும் பொன்னாங்காணியும், மூலையில் நான்கு ஊர்க்கோழிகளும். 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் செந்நிற முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையென அரசு விதித்ததும், அயலிலிருந்த கடைகளில் முட்டை மறைந்தது. மறைவில் விற்றோர் கூடிய விலை கேட்டனர். அந்நாள்களில் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த தன் மகனுக்கென இரண்டு முட்டை கேட்டு வந்தாள். "என்ன விலை சொல்லுறது, பிள்ளை?" என அம்மம்மா என்னிடம் வினவினார். பள்ளி மாணவியாயிருந்த நான், மறைவில் விற்கும் விலையையே சொன்னேன். பாடுபட்டவருக்குக் கூலி வேண்டாமா என்பது என் வாதம்.

அன்று நான் அறியாமலே பேசியது ஜோன் லொக்கின் வாதம் என்பதனைப் பின்னர் மெய்யியல் வகுப்பிலே கற்றேன். இயற்கையோடு தன் உழைப்பைக் கலப்பவன் அதன் பயனுக்கு உரியவன் ஆகின்றான் என்றார் அந்தப் 17ஆம் நூற்றாண்டு அறிஞர். ஆயின், பிறருக்கும் போதிய அளவிலும் தரத்திலும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே விதித்தார். மண் எஞ்சாத கொழும்பில் அந்நிபந்தனை நிறைவேறுவதில்லை.

அம்மம்மா லொக்கைக் கற்றவர் அல்லர். அவர் சொன்னது இவ்வளவே: "அவையின்ரை வீட்டுச் சோறு திண்டுதானே இந்தக் கோழியள் வளந்தது." உண்மையும் அதுவே. பண்ணையின் முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீன் வேண்டும். அம்மம்மாவின் கோழிகளோ, ஒழுங்கையிலுள்ள வீடுகள் கோப்பையில் கொண்டுவந்த மிச்சச் சோற்றிலும் மரக்கறித் தோலிலும் வளர்ந்தவை. அவ்வாண்டில் எவர் வீட்டிலும் மிச்சம் இல்லாமற் போகவே, கோழிகளின் தீனும் குறைந்தது. தன்னிறைவு என நாம் எண்ணியிருந்தது, உண்மையில் ஓர் ஒழுங்கை முழுவதும் கூடி வளர்த்த வாழ்வு.

திருக்குறளில் ஈகைக்கு முன்னதாக, 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதல் வைக்கப்பட்டுள்ளது. ஈகை இல்லாதவருக்கு இடுவது. ஒப்புரவோ உலகோடு ஒத்து வாழ்பவன் தன் கடமையென உணர்ந்து செய்வது. அப்பெண்ணுக்கு விலையின்றி முட்டை கொடுத்ததை ஈகை என்றால் அவள் கடன்பட்டவள் ஆகிவிடுவாள். அது ஒப்புரவு, அவளது பங்கு அவளிடம் மீண்டது.

அவ்வாறாயின் உழைப்புக்கு மதிப்பில்லையா எனச் சிலர் கேட்கலாம். மதிப்புண்டு. விடியலில் கூட்டைத் துப்புரவு செய்தவருக்கு முதல் உரிமையும் உண்டு. தனக்கு மட்டுமே உரியது எனும் உரிமையே இல்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் பலர் செழித்தனர். கொழும்பு மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். நிலமுள்ளவனுக்கு வாய்ப்பாகும் கொள்கை நிலமற்றவனுக்குப் பட்டினியாகலாம். "நீயே விளைவித்துக்கொள்" எனும் அறிவுரை, மண்ணில்லாதவனின் பசியை அவனது சோம்பலாகக் காட்டுமாயின், அது அறவுரை ஆகாது.

வீட்டுத்தோட்டத்தை நான் பழிக்கவில்லை. இயன்றவர் செய்யத்தான் வேண்டும். ஆனால் அன்று முட்டை கேட்டு வந்தவர் ஒருவர். பத்துப் பேர் வந்திருப்பின் நான்கு கோழிகள் போதா. அம்மம்மாவின் நல்ல மனமும் அங்கே போதாது. தனிமனித அறம் தன் எல்லையை எய்தும் அவ்விடத்திலேயே சமுதாயத்தின் கடமை தொடங்குகின்றது. அக்கடமையைக் கோழிக்கூட்டின் மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.