போகச் சொல்பவர் இடம் காட்டட்டும்

2025 அக்டோபர் 25 இரவு இடுக்கி மாவட்டம் அடிமாலியை அடுத்த கூம்பன்பாறையில், தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த வெட்டப்பட்டிருந்த மலைச்சரிவு சரிந்து கீழே இருந்த வீடுகளின்மேல் விழுந்தது. ஆபத்தை முன்பே உணர்ந்த அதிகாரிகள் அங்கிருந்த குடும்பங்களை அன்றே வெளியேற்றியிருந்தார்கள். வெளியேறிய ஒரு தம்பதியர் மட்டும் ஏதோ தேவைக்காக வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். மண் மூடிவிட்டது. பல மணி நேரம் போராடி மனைவியை உயிரோடு மீட்டார்கள். கணவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும்: சொன்ன பிறகும் ஏன் திரும்பிப் போனார்கள்? மலைச்சரிவில் குடியிருப்பவர்களைப் பற்றி ஊரார் கேட்கும் கேள்வி இது. அமைச்சர்களும் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் சமவெளியில் சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாமும் கேட்கிற கேள்வி. அதைக் கேட்கும் தகுதி எல்லோருக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. போய் இருக்க நிலையான ஓர் இடத்தைக் காட்டியவர் கேட்கலாம். மற்றவர்கள் கேட்பது துக்க வீட்டில் குற்றம் சுமத்துவதாகும். கூம்பன்பாறையில் மண் விழுந்த இடம் ஒரு லட்சம்வீடு காலனி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீடற்ற ஏழைகளுக்கென 1972-இல் கேரள அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் அது. அரசு குடியமர்த்திய இடத்தின்மேல் அரசின் சாலைக்காக வெட்டிய மலை விழுந்திருக்கிறது. இதில் பிடிவாதம் யாருடையது?

இதே கேள்விக்கு ஆளாகும் இன்னோர் இடம், அதே மாவட்டத்தின் தெற்குப் பக்கம் இருக்கும் பீர்மேடு. குட்டிக்கானம், பாம்பனார், ஏலப்பாறை, வண்டிப்பெரியார் என்று தேயிலை போர்த்திய மலைகள். நூறாண்டுக்கும் மேலாக அங்கே கொழுந்து எடுத்து வருபவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். 1956 நவம்பர் 1-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மாநிலம் அவர்கள் தலைக்கு மேலே மாறியது. அவர்கள் இருந்த லயத்திலேயே இருந்தார்கள்.

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு முன்னறை, ஓர் அடுப்படி. அடுத்த வீட்டில் குழந்தை இருமினால் இந்த வீட்டில் விளக்குப் போடுவார்கள், சுவர் அவ்வளவுதான். கூரைத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே மணல் மூட்டை, ஒழுகும் இடத்தில் தார்ப்பாய். பீர்மேடு டீ கம்பெனி 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சம்பள பாக்கியும் சேர வேண்டிய மற்றப் பணமும் நின்றுபோயின. கால் நூற்றாண்டு கடந்தும் அதன் சீந்தலார், லோன்ட்ரி தோட்டங்களில் தொழிலாளர்கள் அதே லயங்களில்தான் இருக்கிறார்கள். கம்பெனி போய்விட்டது, ஜனம் போகவில்லை.

ஏன் போகவில்லை? ஊர்ப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பற்று இல்லாமலா? தாத்தாவைப் புதைத்த மேடு அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் வைக்கும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பனி எந்த மாதம் இறங்கும், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்ற அறிவு அந்த மலையில் மட்டுமே செல்லுபடியாகும். காலை எட்டு மணிக்குக் கூடையோடு கிளம்பும் தாய், பக்கத்து வீட்டுக் கிழவியை நம்பிப் பிள்ளையை விட்டுப் போகிறாள். அந்தக் கிழவியையும் சேர்த்து எந்த அரசுத் திட்டமும் இடம் மாற்றித் தருவதில்லை. இதையெல்லாம் மூடப் பற்று என்று சொல்பவர், தன் பரம்பரை வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்ட நாளை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் பற்று பாதிக் கதைதான். மீதிப் பாதி, அந்த வீடு அவர்களுடையதே இல்லை என்பது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்யாவிட்டால் கிராஜுவிட்டி வராது என்ற அச்சம் தோட்டந்தோறும் உண்டு. ஆகவே பிள்ளைகளில் ஒருவரையாவது தோட்ட வேலையில் போட்டு லயத்தைத் தக்க வைத்துக்கொள்கிறார்கள். நாற்பது ஆண்டு உழைத்தவர் கையில் ஒரு சென்ட் நிலத்துக்குப் பட்டயம் கிடையாது. அவரைப் பார்த்து, ‘பாதுகாப்பான இடத்துக்குப் போ’ என்கிறோம். எந்த இடத்துக்கு?

மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் முகாம் திறப்பார்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிப் பாய் விரிப்பார்கள். சோறும் சாம்பாரும் வரும். மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் எழுந்து லயத்துக்குப் போவாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ரேஷன் கார்டும் மகளின் சர்ட்டிபிகேட்டும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இதற்குப் பெயர் ஊர்ப்பற்று என்றால், நம்மில் யாருக்கு அது இல்லை?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் நான்கு லயங்கள் அடித்துச் செல்லப்பட்டன. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டவே விடிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் வந்தபோது, 2015 போனஸ் போராட்டத்தில் எழுந்த பெண்கள் அமைப்பான பெம்பிளை ஒருமையின் தலைவர்களில் ஒருவரான கோமதி சாலையில் உட்கார்ந்து, தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் கேட்டார். போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. பிறகு எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்க, அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. அந்த எட்டுக் குடும்பங்களும் பழைய இடத்தைவிட்டு வரமாட்டோம் என்று அடம்பிடிக்கவில்லை. இடம் காட்டினார்கள், போனார்கள். உறவினரைப் புதைத்த ராஜமலைக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் பூவோடு வருகிறார்கள். பற்றும் இடப்பெயர்வும் ஒன்றையொன்று அழித்துவிடவில்லை.

வருமுன் காக்காதவன் வாழ்வு என்ன ஆகும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறாரே என்று சிலர் மேற்கோள் காட்டக்கூடும். அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருட்பாலில், அரசியலில், குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே வள்ளுவர் பேசுவது ஆள்பவனிடம். வருமுன் காக்கும் கடமையை அவர் குடிமகன் தலையில் கட்டவில்லை. நாடு என்ற அதிகாரத்திலோ, பிற இடத்து மக்கள் ஒருசேர வந்து குவிந்தாலும் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்வதே நாடு என்கிறார். மலையிலிருந்து இறங்கி வருபவனைத் தாங்கத் தயாராக இல்லாத நாடு, அவனை இறங்கி வா என்று கூப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஒரு பாண்டியன் வருகிறான். அவன் நிலத்தைக் கடல் கொண்டுபோகிறது. அவன் குடிகளைக் கடிந்துகொள்ளவில்லை. இழந்ததற்கு ஈடாக வேறு நிலம் தேடுகிறான். பிறர் நாட்டைப் பிடித்து ஈடு செய்தான் என்பது இன்றைக்கு ஒப்பாது, உண்மை. ஆனால் இழப்புக்கு ஈடாக மண்ணைத் தேடித் தருவது அரசனின் பாடு என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே ஐயமில்லாமல் இருந்திருக்கிறது. மணிமேகலையில் புகாரைக் கடல் கொண்டபின் மாதவியும் அறவண அடிகளும் வஞ்சிக்குப் போகிறார்கள். பிறந்த ஊர் என்று அவர்கள் அலையின் முன் நின்றுகொண்டிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் புறநானூற்றுக் கபிலர் கண்முன் நிற்கிறார். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பைவிட்டு இறங்குகிறார். கண்ணீரோடு மலையைத் தொழுது விடைபெறுகிறார். அதைவிடப் பெரிய ஊர்ப்பற்றைத் தமிழில் காண்பது அரிது. ஆனாலும் போனார், அந்தப் பெண்களுக்கு ஒரு வாழ்வு தேட வேண்டியிருந்தது. போய் விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். இருவரும் ஏற்கவில்லை. பறம்பைவிட்டு வந்தது தவறு என்று எவரும் கபிலரைக் குறை சொல்ல மாட்டார்கள். கதவு திறக்காதவர்கள்மேல்தான் அந்தப் பாடல்களில் பழி நிற்கிறது. பீர்மேட்டு லயத்திலிருந்து இறங்கி வருபவருக்கு இன்றைய விச்சிக்கோன்கள் யார் என்று ஒவ்வொரு வருவாய் அலுவலகமும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடல் தாண்டியும் இதே கதை. இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரித்தோமே, அவர்கள் போகவில்லையே என்பதே அதிகாரத் தரப்பின் பதில். போக இடம் தந்தீர்களா என்பது மலையகத் தமிழரின் கேள்வி. விபத்துக்குமுன் கிடைக்காத காணியும் வீடும் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் 2016-இல் கிடைத்தன. அவ்வளவு உயிர்கள் போனபிறகு கிடைக்க முடிந்த நிலம், அதற்குமுன் எங்கே இருந்தது? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது மலையகத்தில் அதே காணிக் கேள்வி மறுபடி எழுந்தது.

தமிழ்நாட்டுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. சுனாமிக்குப்பின் 2005 மார்ச் 30-இல் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவர்களிடம் இரண்டு வழிகளை வைத்தது. தள்ளிப் போனால் இலவச வீடு. அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள், அரசு உதவி கிடையாது. பார்வைக்கு இது விருப்பத் தேர்வு. வலையும் படகும் கரையில் இருக்க வீடு மட்டும் உள்ளே போனால் தொழில் என்னாவது என்று கேட்டவருக்கு அந்த ஆணையில் பதில் இல்லை.

உயிர் முக்கியமில்லையா? முக்கியம்தான். சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் வர மறுப்பவரைக் கையைப் பிடித்து இழுத்தாவது முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டாம் பேச்சே கூடாது. அதற்கு 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் அது ஓர் இரவுக்கான அதிகாரம். அதை வைத்து ஆயுள் முழுவதற்கும் ஒருவரை வேரோடு பெயர்த்தெடுக்க முடியாது.

நிலையான இடமாற்றம் எப்படி நடக்கலாம் என்பதற்கு ஓரளவு நல்ல முன்மாதிரி வயநாட்டில் இருக்கிறது. 2024 ஜூலை 30-இல் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தபின், கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தை அரசு எடுத்து, 2025 மார்ச்சில் நகரியத்துக்கு அடிக்கல் நாட்டியது. குடும்பத்துக்கு ஏழு சென்ட், ஆயிரம் சதுர அடி வீடு. அங்கே வர விரும்பாதவர்களுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய். தாமதங்களும் பட்டியல் சண்டைகளும் இல்லாமலில்லை. ஆனாலும் வராதவனைத் தண்டிக்காமல் தேர்வு கொடுத்ததும், தோட்ட நிலத்தையே தொழிலாளிக்குத் திருப்பியதும் சின்ன விஷயமில்லை. வருந்த வேண்டியது ஒன்றுதான்: இதைச் செய்ய வைக்க ஒரு பள்ளத்தாக்கே அழிய வேண்டியிருந்தது.

பீர்மேட்டில் அப்படி ஒன்று நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூடிய தோட்டங்களில் நிலம் இருக்கிறது. ஆபத்தில்லாத சரிவு எது என்று காட்டப் புவியியலாளர்கள் இருக்கிறார்கள். முதலில் ஐந்து சென்டோ ஏழு சென்டோ பட்டயம், அதுவும் குடும்பத்துப் பெண்ணின் பெயரையும் சேர்த்து. நடந்து போகும் தூரத்தில் வேலை. ஒரு லயத்து அண்டை வீடுகள் புதிய இடத்திலும் அண்டை வீடுகளாகவே அமைய வேண்டும். மாரியம்மனுக்கு ஒரு துண்டு மண் விட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு அழைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரமாட்டேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கேட்கலாம், ஏன் போகவில்லை என்று. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. பீர்மேடு தாலுகா அலுவலகம் பட்டயக் கோப்புகளை அதற்குமுன் எடுக்கட்டும்.